துண்டுக்குள் நாலு விரல்

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்கள் தம்பி, கால் வைக்க இடமில்லை. என்ன அது, தையல் மிஷினா? சரி, தள்ள முடியாவிட்டால் இருக்கட்டும். நான் காலை மடக்கிக்கொள்கிறேன். மடக்கிப் பழக்கம்தான். இந்த ராஜ்யத்தில் காலை நீட்டி உட்கார நம்மை எவன் விட்டான்?

வண்டி ஏன் நின்றுவிட்டது என்று பார்க்கிறீர்களா? மேடு வந்துவிட்டது. கரிவண்டிக்கு மேடு ஆகாது. பின்னால் கிளீனர் அடுப்பைக் கிளறுகிறான் பாருங்கள். நெருப்புப் பிடித்து, புகை ஏறி, அப்புறம்தான் நகரும். பெட்ரோல் எங்கே என்று கேளுங்கள். சண்டை முடிந்து வருஷம் ஒன்றாகப் போகிறது, பெட்ரோல் இன்னும் பட்டாளத்து லாரிக்குத்தான். அவன் லாரி சர்ரென்று போகும். நாம் கரிப்புகையைக் குடித்துக்கொண்டு மேட்டில் நிற்க வேண்டும். உங்கள் ஊர் பஸ்ஸுக்கு இனிமேல் கரிதான், சம்மதமா என்று நம்மை ஒரு வார்த்தை கேட்டானா? அதுதான் என் வயிற்றெரிச்சல். எடுத்துக்கொண்டு போகிறான், அது ஒரு பக்கம். கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறானே, அது.

நீங்களும் செங்காட்டுவலசுக்குத்தானா? நானும் அங்கேதான். அந்த ஊர்த் தையல்காரனுக்குக் கொண்டுபோகிறீர்களாக்கும். என்ன விலை சொன்னீர்கள்? அச்சடித்த விலையா? அவன் குறைத்துக் கேட்டானா, கேட்டும் நீங்கள் குறைக்கவில்லையா? அட. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை, உங்கள் கம்பெனிக்காரனைச் சொல்கிறேன். ஒரே விலை சொல்கிறவன் எதிராளியை மனுஷனாக மதிக்காதவன். எடுத்தால் எடு, போனால் போ என்பது ஒரு வியாபாரமா? நான் ஒன்று சொல்லி, நீ ஒன்று சொல்லி, நான் கோபித்துக்கொண்டு எழுந்துபோய், நீ கூப்பிட்டு, நான் திரும்பி வந்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் வியாபாரம். அதில் இரண்டு பேருக்கும் வாய் உண்டு. எங்கள் சந்தையில் வாய்கூடக் கிடையாது. கைதான். அந்தக் கையைத்தான் வெள்ளைக்காரன் பிடுங்கினான்.

சொல்கிறேன். வண்டிதான் நகரவில்லையே.

என் பெயர் ராக்கியண்ணன். ஊஞ்சப்பாளையம் மாட்டுச் சந்தையில் வந்து தரகு ராக்கியண்ணன் என்று கேளுங்கள், கன்றுக்குட்டிகூடத் தலையை ஆட்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. அப்பன் முகம் பார்க்காதவன் நான். பால்பல் விழுகிற வயசில் பண்ணையத்தில் மாடு மேய்க்க விட்டுவிட்டார்கள். பண்ணையக்காரர் எதிரில் வந்தால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். மறந்து ஒருநாள் தோளோடு நின்றேன், சாட்டையால் எடுத்துவிட்டார். துண்டைத்தான் எடுக்கப் பார்த்தார், தோலும் கொஞ்சம் வந்தது. அன்றைக்கு நினைத்தேன், ஒருநாள் இந்தத் துண்டு என் தோளில் கிடக்கும், எவன் வந்தாலும் கிடக்கும் என்று. பல்லைப் பார்த்து மாட்டுக்கு வயசு சொல்லக் கற்றேன், நடையைப் பார்த்துக் குணம் சொல்லக் கற்றேன், ஆளைப் பார்த்து எவ்வளவு தாங்குவான் என்று சொல்லக் கற்றேன். தரகனானேன். தோளில் துண்டு போட்டேன். இப்போது என்னிடம் மாடு பிடிக்கிற ஆள் ஒருத்தன் இருக்கிறான், மாரன் என்று. என் முன்னால் அவன் துண்டு போடமாட்டான். அது மரியாதைக்கு. அது வேறு.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டோம். நீங்கள் பட்டணத்துக்காரர், பார்த்திருக்க மாட்டீர்கள். விற்கிறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். உள்ளே விரலைப் பிடித்தால் அது விலை. ஒரு விரல் என்றால் இவ்வளவு, விரலின் பாதிக் கணுவைப் பிடித்தால் அதில் பாதி. மேலே பேச்செல்லாம் மழை, வெயில், பிள்ளை குட்டி. கீழே விலை ஏறும், இறங்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எதற்கு இந்த மறைவு என்றால், மாட்டை விற்கிறவன் கஷ்டத்தில் விற்கிறவன். அவன் எவ்வளவுக்கு இறங்கினான் என்று ஊர் முழுக்கத் தெரிய வேண்டுமா? மானத்தை மூடத்தானே துணி.

மூன்று வருஷத்துக்கு முந்தி, சண்டை உச்சத்தில் இருந்தபோது, எங்கள் ஊருக்கு வடக்கே பொட்டலில் வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரம் போட்டது. வந்த மாசமே கறிக்கு மாடு வேண்டும் என்றான். எங்கள் பக்கத்து மாடு என்ன, கறிக்கா வளர்க்கிறோம்? கன்றிலிருந்து பிள்ளை மாதிரி வளர்த்து, ஏர் பூட்டி, வண்டி பூட்டி... சரி, அதை விடுங்கள். சந்தைக்கு வந்தான், விலை கேட்டான், யாரும் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டினால் கையைக் கொடுக்க அவனுக்குக் கூச்சம். விலையை ஒளிக்கிறார்கள், கள்ள மார்க்கெட் நடக்கிறது என்று மேலே எழுதிப் போட்டுவிட்டான். அடுத்த வாரம் தண்டோரா.

இனிமேல் துண்டுக்குள் கை போடக் கூடாது. விலையை உரக்கச் சொல்ல வேண்டும், பலகையில் எழுத வேண்டும். தரகனெல்லாம் பித்தளை வில்லை குத்திக்கொள்ள வேண்டும். பட்டாளத்துக்கு மாடு தேவைப்பட்டால் பட்டாளம் வைத்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும், மறுத்தால் யுத்தச் சட்டத்தில் உள்ளே. தமுக்கு அடிக்கிறவன் இதைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவன் என்ன செய்வான், பாவம்.

எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். எங்கிருந்தோ கப்பலேறி வந்தவன் எங்கள் துண்டுக்குச் சட்டம் போடுகிறான். எங்களை ஒரு வார்த்தை கேட்டானா? அன்றைக்குத் தரகர்கள் எல்லாரையும் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டினேன். வில்லை குத்தமாட்டோம், விலையைக் கூவமாட்டோம், பட்டாளத்துக்கு ஒரு கொம்புகூட விற்கமாட்டோம் என்று எரிகிற கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ண வைத்தேன். முதல் அடி நான் அடித்தேன். கை சுட்டது, இன்னும் தழும்பு இருக்கிறது, பாருங்கள். இரண்டு சந்தை பேச்சில்லாமல் நடந்தது. மாடு நிற்கிறது, மனுஷன் நிற்கிறான், ஒரு சத்தம் கிடையாது. பட்டாளத்தான் வந்து வந்து போனான். துண்டுக்குள் மட்டும் வியாபாரம் ஜோராக நடந்தது.

இதற்குள் அவர்கள் வீடு வீடாக மாட்டைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் என் மச்சான் அர்த்தநாரி வந்தான். என் பெண்டாட்டி பாவாயிக்கு அண்ணன். செங்காட்டுவலசுதான் அவன் ஊர், இப்போது நாம் போகிற ஊர். அவனைப்பற்றிச் சொல்ல வேண்டும். அப்பன் பேர் தெரியாத தரகுப் பையனுக்கு நிலம் உள்ள வீட்டில் பெண் கேட்டால் யார் கொடுப்பார்கள்? பங்காளிகளெல்லாம் குதித்தார்கள். அர்த்தநாரி ஒருத்தன்தான், பையன் உழைக்கிறவன், என் தங்கச்சி பட்டினி கிடக்கமாட்டாள் என்று சொல்லிக் கொடுத்தான். பேச்சு குறைந்த ஆள். பேசினால் அரை வார்த்தை.

அவனிடம் ஒரு ஜோடி மயிலைக் காளை இருந்தது. அந்த மாதிரி ஜோடியை நான் பார்த்ததில்லை. நான் எவ்வளவு பார்த்திருப்பேன். கணக்கெடுக்கிறவன் செங்காட்டுவலசுக்கு வருவதற்குள் அவற்றை நல்ல சம்சாரி கையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அவனுக்குத் துடிப்பு. பணம் பெரிசில்லை மாப்பிள்ளை, உழுகிற வீட்டுக்குப் போகட்டும், கறிக்குப் போகக் கூடாது என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக வந்து நான் கேட்டதில்லை. விலையை நீங்களே பாருங்கள் என்று மாட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டான்.

ஆள் கிடைத்தான். மூலனூர்ப் பக்கத்துச் சம்சாரி, வேலப்பன் என்று பெயர். நல்ல மனுஷன். காளையைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. நான் துண்டைப் போட்டேன். ஐந்து விரலைப் பிடித்தேன், சரி என்றான். அப்படியே திரும்பி மச்சானிடம் வந்தேன். துண்டைப் போட்டேன். நாலு விரலைப் பிடித்தேன்.

என்ன பார்க்கிறீர்கள்?

அது அப்படித்தான் தம்பி. நடுவில் நிற்கிற ஒரு விரல் தரகனுடையது. தரகுக்கூலி தனி, அது இரண்டு பக்கமும் வெளிப்படையாகக் கொடுப்பது. இது வேறு. இது சாமர்த்தியம். வாங்குகிறவன் ஐந்துக்குச் சந்தோஷம், விற்கிறவன் நாலுக்குச் சந்தோஷம், இரண்டு சந்தோஷத்தையும் சேர்த்துவைத்தவனுக்கு ஒன்றுமில்லையா? மச்சானாயிற்றே என்று கேட்பீர்கள். பாவாயியும் அதையே கேட்டாள். சந்தைக்குள் வந்தபிறகு மச்சான் ஏது, மாமன் ஏது? அவன்தானே விலையை நீங்களே பாருங்கள் என்றான்? பார்த்தேன்.

மச்சான் நாலு விரலை அமுக்கிச் சரி என்று சொல்லுகிற நேரம். அப்போது வந்தான் அந்தச் செம்பட்டைத் தலையன்.

நாலைந்து சோல்ஜர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு ஆம்பிளைகள் துணிக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர்களுக்கு ஒரே சிரிப்பு. அதில் இந்தச் செம்பட்டை வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தான். வந்து, என்ன ஏது என்று கேட்காமல், துண்டின் நுனியைப் பிடித்து, குழந்தைமேல் கிடக்கிற போர்வையை எடுக்கிற மாதிரி, ஒரே இழுப்பு.

வெட்டவெளியில், ஆயிரம் பேருக்கு நடுவில், என் கை அம்மணமாக நின்றது. அப்படித்தான் சொல்ல வேண்டும். கையில் நாலு விரல். மச்சான் பிடி இன்னும் தளரவில்லை. இந்த நாய் என் துண்டைக் கொடி மாதிரித் தலைக்குமேல் ஆட்டுகிறான். பண்ணையக்காரன் சாட்டை அன்றைக்கு எப்படி எரிந்ததோ அப்படி எரிந்தது எனக்கு. நான் கஷ்டப்பட்டுச் சம்பாதித்துத் தோளில் போட்ட துண்டு தம்பி அது. இதோ, இதே துண்டுதான்.

வேலப்பன் எட்டத்தில் நின்றவன் எட்டிப் பார்த்தான். வெள்ளந்தியாகத்தான் கேட்டான், சண்டைக்குக் கேட்கவில்லை.

“தரகரே, என்ர கையில அஞ்சல்லோ புடிச்சீங்க? இங்க நாலு நிக்குது?”

மச்சான் விரலைப் பார்த்தானா என்றால், பார்த்தான் என்று பாவாயி சொல்லுகிறாள், அவள் அங்கே இல்லை. அவன் விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தான்.

நீங்களே சொல்லுங்கள், அந்த நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவன் யார்? நானா? துண்டைப் பிடுங்கியவனா? ஒரு தேசத்தின் வழக்கத்தை, ஒரு மனுஷன் மானத்தைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறான் ஒருத்தன், நாலா அஞ்சா என்று அப்போதா விசாரணை வைப்பது? எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வெள்ளைக்காரனே வெளியே போ என்று கத்தினேன். அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். கொட்டகை மேல் உட்கார்ந்திருந்த காக்கை எல்லாம் எழும்பியது. பிறகு சந்தையே கத்தியது. ஒரு கல் போயிற்று. யார் போட்டது என்று தெரியாது. அப்புறம் கல்லுக்குக் கணக்கில்லை.

இந்த அமளியில் மச்சான் என்ன செய்தான் தெரியுமா? கல்லும் எடுக்கவில்லை, கத்தவும் இல்லை. நேரே நடந்து அந்தச் செம்பட்டையிடம் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“தொரே, துண்டைக் குடுங்க. அது எங்க மாப்பிள்ளையோட துண்டு.”

அந்த நிலையிலும் குடுங்க என்று மரியாதையாகத்தான் கேட்டான். நான் என் காதால் கேட்டேன். அவன் உதறினான், இவன் விடவில்லை. ஏர் பிடித்த கை, விடுமா? இழுத்த இழுப்பில் செம்பட்டை தண்ணீர்த் தொட்டிக்குள் மல்லாந்து விழுந்தான். துண்டு மச்சான் கைக்கு வந்துவிட்டது. அதற்குள் போலீஸ் லத்தியோடு புகுந்துவிட்டது. மச்சான் மண்டையில் விழுந்த அடியை நான் பார்க்கவில்லை. நான் பருத்திக்கொட்டைக் கடைக்குப் பின்னால் ஆள் திரட்டிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டா ஆள் திரட்டினீர்கள் என்று கடைக்காரன் இப்போது கேலி பேசுகிறான். அவனுக்கு என்ன தெரியும்?

ராஜாவின் சிப்பாய்மேல் கை வைத்தான் என்று மச்சானுக்கு ஆறு மாசம் போட்டார்கள். காளை ஜோடியை அன்றைக்குச் சாயங்காலமே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாரில் குச்சியை முக்கிப் பட்டாளத்து எண்ணை அதுகளின் திமில்மேல் எழுதினார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். வெள்ளை உடம்பில் கறுப்பு எண். அதுகள் கூடாரப் பக்கம் போகமாட்டேன் என்று செங்காட்டுவலசுப் பாதையைப் பார்த்தே கழுத்தைத் திருப்பின. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு வெள்ளைக்காரனையாவது கடிக்க வேண்டும்போல இருக்கிறது. உழுகிற வீட்டுக்குப் போகட்டும் என்றானே மச்சான். எவ்வளவு பெரிய அநியாயம். அந்தக் காளையை நான் விற்றுக்கொடுத்திருப்பேன் தம்பி. அந்தச் செம்பட்டை இன்னொரு நிமிஷம் கழித்து வந்திருந்தால் போதும்.

கோர்ட்டுக்கு நான் சாட்சிக்குப் போகவில்லை. போயிருந்தால் வக்கீல் தேவையில்லாததையெல்லாம் கிளறுவான், விரலைப்பற்றிக் கேட்பான், அது மச்சானுக்குத்தான் கெடுதல். அவன் நல்லதுக்குத்தான் போகவில்லை. அந்தியூர்ச் சந்தையும் அந்தச் சமயத்தில் வந்துவிட்டது. மச்சானும் கூண்டில் என் பெயரையே எடுக்கவில்லையாம். துண்டு யாருடையது என்று ஜட்ஜ் கேட்டதற்கு, துண்டு துண்டுதான் என்றானாம். சொன்னேனே, அரை வார்த்தை.

ஊரில் எனக்கு நல்ல பெயர். காங்கிரஸ்காரர்கள் வீடு தேடி வந்து மாலை போட்டார்கள். முதல் குரல் உங்களுடையது அல்லவா என்றார்கள். ஆமாம், முதல் குரல் என்னுடையதுதான், அதில் பொய்யில்லை. மாலையை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் நன்றாகவா இருக்கும்? பாவாயி மட்டும் அந்த மாலையை வீட்டுக்குள் விடவில்லை. வாசலில் கட்டியிருந்த எருமைக்குப் போட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் இந்தத் துண்டும் திரும்பி வந்தது. மச்சான் மண்டையில் ரத்தத்துக்கு இதைத்தான் சுற்றியிருக்கிறான். ஜெயில் ஆள் யாரோ கொண்டுவந்து கொடுத்தான். அவள் மூன்று தண்ணீரில் அலசி என் கையில் கொடுத்தாள். அப்போதுதான் கேட்டாள்.

“வெள்ளைக்காரன் நம்மள ஒரு வார்த்த கேக்குலீன்னு குதிக்கறீங்களே. எங்கண்ணன நீங்க கேட்டீங்களா?”

பொம்பளை. சட்டம் வேறு, தரகு வேறு என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அடித்துவிடலாம் போல இருந்தது, அடிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். மச்சான் ஜெயிலிலிருந்து வந்தான். என் வீட்டுக்கு வரவில்லை. நான் ஏன் போக வேண்டும்? மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஒரு குடும்பத்தை எப்படி உடைத்துவிட்டான் பாருங்கள் வெள்ளைக்காரன்.

வண்டி நகருகிறது. நல்லவேளை. மேடு தாண்டினால் செங்காட்டுவலசு கூப்பிடுகிற தூரம்தான்.

இன்றைக்கு எதற்குப் போகிறேன் என்றா? என் பெண் பூவாத்தாளுக்கு ஆவணியில் கல்யாணம். ஒரே பெண். நல்ல இடம். நான்தான் பார்த்து முடிவு செய்தேன். பூவாத்தாளுக்குச் சம்மதமா என்றா கேட்கிறீர்கள்? பெண்ணை எங்காவது கேட்பார்களா? நீங்கள் விளையாட்டான ஆள். கேளுங்கள், எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண் மணையில் உட்கார முடியாது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள், மாமன் எங்கே என்று. மாமன் இல்லாத கல்யாணம் எங்களுக்கு வேண்டாம், ஏதோ இருக்கிறது என்று முணுமுணுக்கிறார்கள். ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

பாவாயி போன வாரம் அண்ணனிடம் போய்க் கேட்டாள். அவன் என்ன சொல்லி அனுப்பினான் தெரியுமா? கேட்டால் உங்களுக்கும் கொதிக்கும்.

“மாப்பிள்ளைய வரச் சொல்லு. தோள்ல துண்டில்லாம வரச் சொல்லு.”

அவ்வளவுதான். துண்டில்லாமல் வந்து, ஊர் நடுவில் நின்று, என்ன சொல்ல வேண்டுமோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். இது யார் சட்டம்? சொல்லுங்கள், இது யார் சட்டம்? துண்டு கூடாது, உரக்கச் சொல், எல்லாரும் கேட்கச் சொல். தமுக்கு அடித்துச் சொன்னானே, அதே சட்டம். அந்தச் சட்டத்தால் மண்டை உடைந்து ஜெயிலுக்குப் போன மனுஷன் வாயிலிருந்து அதே சட்டம் வருகிறது. ஆறு மாசம் சோறு போட்டு அவனையும் வெள்ளைக்காரனாக்கி அனுப்பிவிட்டான். எனக்குத் தாங்கவில்லை தம்பி. பண்ணையக்காரன் முன்னால் எடுத்த துண்டை மச்சான் முன்னால் எடுப்பேனா? ராக்கியண்ணன் எடுப்பானா?

எடுக்கவில்லை. போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன், பார்க்கிறீர்கள் அல்லவா. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒருதரம் எடுத்து ஆணியில் மாட்டினேன். வாசல்வரை போனேன். தோள் லேசாக இருந்தது, காற்றடித்தால் விழுந்துவிடுவேன்போல. திரும்பி வந்து எடுத்துக்கொண்டேன். பூவாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதோ தெரிகிறது பாருங்கள், வேப்பமரம். அதுதான் நிறுத்தம். அடியில் ஆள் நிற்கிறது. நாலு பேர் டீக்கடைப் பெஞ்சில். ஒருத்தன் தனியாக. மண்டையில் வகிடு மாதிரி வெள்ளையாக ஒரு கோடு இருக்கிறதா என்று சொல்லுங்கள், எனக்குத் தூரப் பார்வை மட்டம். இருக்கிறதா? அவன்தான். அர்த்தநாரி. நிறுத்தத்துக்கே வந்துவிட்டான்.

தம்பி, ஒரு உதவி. நீங்கள் இந்த ஊரில்தானே இறங்கப்போகிறீர்கள். நான் இறங்கவில்லை. நீங்கள் முதலில் இறங்கி அவனிடம் போங்கள். நான் ஒரு செய்தி தருகிறேன், அதைக் கொண்டுபோய்ச் சேருங்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் பேசினால் வியாபாரம் முறிந்துபோகும். நடுவில் ஒரு ஆள் வேண்டும். எத்தனை பேருக்கு நான் நடுவில் நின்றிருக்கிறேன், எனக்கு நிற்க இன்றைக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். கையைக் கொடுங்கள். அட, கூச்சப்படாதீர்கள், விலை கேட்க வந்த அந்தப் பட்டாளத்தான் மாதிரி. கொடுங்கள். துண்டு இருக்கிறது, யாருக்கும் தெரியாது.

இதோ. இதுதான். ஒரு விரல், அதிலும் இந்தக் கணுவரைக்கும்தான். பாதி. புரிகிறதா? அந்த ஒரு விரலில் பாதி என்னுடைய தப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி வெள்ளைக்காரனுடையது. அதை அவன் கையில் அப்படியே பிடித்துக் காட்டுங்கள், அவனுக்குப் புரியும். அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்குத் தலையசையுங்கள். முறைத்தால், கொஞ்சம் மேலே கணுவை நகர்த்துங்கள், கொஞ்சம்தான். முழு விரலுக்குப் போய்விடாதீர்கள். அது என் கடைசி விலை, எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது.

கண்டக்டர், வண்டியை நிறுத்தி வைப்பா, இவர் இறங்கப்போகிறார். நான் இல்லை, நான் அடுத்த ஊர்வரைக்கும். டிக்கெட் போட்டுக்கொள்கிறேன் என்கிறேன் அல்லவா.

கையை இழுக்காதீர்கள் தம்பி. இன்னும் ஒருதரம் பிடித்துப் பாருங்கள், மறந்துவிடுவீர்கள். இந்தக் கணு. இந்த... ஐயோ, அவன் சன்னலுக்கே வந்துவிட்டான்.

மச்சான். துண்டை விடுங்க. மச்சான், சன்னல் வழியா என்ன இது... அட, விடுங்கங்கறனல்லோ.

பார்த்தீர்களா? பார்த்தீர்களா தம்பி? அதே மாதிரி. ஒரே இழுப்பு. செம்பட்டை பிடுங்கினானே, அதே மாதிரி. வண்டி முழுக்கப் பார்க்கிறது. நீங்கள் ஏன் இன்னும் என் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், விடுங்கள், அவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டான்.

“அரைதானுங்களா மாப்பிள்ளை?”

கேட்டீர்களா? அரைதானா என்கிறான். மூன்று வருஷம் கழித்து என்னிடம் பேசுகிற முதல் பேச்சு. சிரிக்கிறானா? பெஞ்சிலே உட்கார்ந்திருக்கிறவர்களும் சிரிக்கிறார்கள். என் துண்டை அவன் தோளில் போட்டுக்கொண்டான் பாருங்கள். போகிறான். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊருக்குள் போகிறான். என் துண்டு. நான் சம்பாதித்த துண்டு.

ஒரு வார்த்தை கேட்டானா? என்னை ஒரு வார்த்தை?

பெட்டியை நகர்த்துங்கள் தம்பி. வழி விடுங்கள். கண்டக்டர், இரு, விசில் ஊதாதே. அந்தத் துண்டை வாங்காமல் நான் விடமாட்டேன். அவன் வீட்டு வாசல்வரை போனாலும் சரி, ஊர் முழுக்கப் பார்த்தாலும் சரி. வெறும் தோளோடு போனாலும் சரி. மச்சான், நில்லுங்க. முழுசா சொல்றன், நில்லுங்க.